குமரி மாவட்டச் சாலைகளுக்கு ஏற்ற மின்சார வண்டி எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மின்சார வண்டி வாங்கக் கடைக்குள் நுழைபவர் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதைத்தான். சமதளமான ஊர்களுக்கு அந்தக் கேள்வி போதும். கடற்கரையில் புறப்பட்டவர் ஒரு மணி நேரத்துக்குள் மலையடிவாரத்தை எட்டிவிடும் இந்த மாவட்டத்தில், அன்றாடம் போகும் வழியில் மிகச் செங்குத்தான இடம் எது, அங்கே முழுச் சுமையுடன் வண்டி ஏறுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் அந்த நோக்கிலேயே எழுதப்பட்டவை.

கேள்வி: "எலக்ட்ரிக் பைக்" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கிறார்களே, உண்மையில் எத்தனை வகை உண்டு?

மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது, பெடல் மிதிக்கும்போது மோட்டார் துணைக்கு வரும் மின்சார சைக்கிள். இரண்டாவது, ஸ்கூட்டர் போலவே தோற்றமளித்தாலும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத குறைந்த வேக வண்டி. மூன்றாவது, பெட்ரோல் வண்டியைப் போலவே பதிவு எண்ணும் காப்பீடும் தேவைப்படும் முழு வேக ஸ்கூட்டர் அல்லது மோட்டார் சைக்கிள். இரண்டாவதும் மூன்றாவதும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், பார்வைக்குப் பெரிய வேறுபாடும் தெரியாது. ஆனால் ஏற்றத்துக்கு வந்ததும் இரண்டும் முற்றிலும் வேறு வண்டிகள்.

கேள்வி: எந்த வண்டிக்கு லைசென்ஸ் வேண்டும், எதற்கு வேண்டாம்?

மோட்டார் தொடர்ந்து 30 நிமிடம் தரக்கூடிய திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. எனவே பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு எதுவும் தேவையில்லை. பெடல் சைக்கிளாக இருந்தால், வேகம் 25 கிலோமீட்டரை எட்டும்போதும், மிதிப்பதை நிறுத்தும்போதும் மோட்டாரின் துணை நின்றுவிட வேண்டும். இந்த வரம்புகளுக்குள் அடங்குவதாகச் சோதனை அமைப்பு ஒன்று வழங்கிய சான்றிதழ் அந்த மாடலுக்கு இருக்க வேண்டும். விற்பவரிடம் அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வரம்பைத் தாண்டிய எல்லா வண்டிகளுக்கும் பச்சை நிறப் பலகையில் வெள்ளை எழுத்தில் பதிவு எண் உண்டு. நாகர்கோவில் அலுவலகத்தில் பதிந்தால் டிஎன் 74, மார்த்தாண்டத்தில் பதிந்தால் டிஎன் 75. லைசென்ஸ், காப்பீடு, ஹெல்மெட் ஆகியவை இவற்றுக்குக் கட்டாயம்.

சில கடைகளில் குறைந்த வேக வண்டியைக் காட்டி, "ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் 45 வரை போகும்" என்று சொல்வார்கள். அதற்கு இணங்க வேண்டாம். வேகத் தடையை நீக்கிய மறுகணமே அது பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமை முழுவதும் ஓட்டியவர் தலையில் விழும். ஓட்டியவர் 18 வயது நிரம்பாத பிள்ளையாக இருந்தால், 2019 திருத்தச் சட்டத்தின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

கேள்வி: என் வீட்டு ஏற்றத்தில் வண்டி ஏறுமா என்பதை வாங்குவதற்கு முன்பே எப்படிக் கணக்கிடுவது?

முதலில் ஏற்றத்தை அளந்துகொள்ளுங்கள். பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயர்ந்தால் அது 10 சதவீத ஏற்றம். கொத்தனாரிடமிருந்து ரசமட்டத்தை வாங்கி, ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தின் மேல் வையுங்கள். சட்டத்தின் ஒரு முனை சாலையைத் தொட்டிருக்க, மறுமுனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை உயர்த்திப் பிடித்து, அந்த முனைக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். 10 சென்டிமீட்டர் வந்தால் 10 சதவீதம். கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் சானல்கரையிலிருந்து (பாசனக் கால்வாயின் கரை) வீடுகளுக்குப் பிரியும் கிளைச் சாலைகளில் இதைவிடச் செங்குத்தான துண்டுகளும் உண்டு.

இனி திறனைப் பார்க்கலாம். குறைந்த வேக ஸ்கூட்டர் பேட்டரியோடு சேர்த்து 80 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ என்று கொண்டால், 10 சதவீத ஏற்றத்தில் 250 வாட் திறன் அந்த வண்டியை மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏற்றும். பின்னால் இன்னொருவர் உட்கார்ந்தால் அது நான்கு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். பக்கத்தில் நடந்து வருபவர் முந்திச் செல்வார். மோட்டார் சில நொடிகளுக்குத் தன் அளவை மீறிய விசையைத் தரும் என்பதால் குட்டையான ஏற்றத்தை வேகம் பிடித்துத் தாண்டிவிடலாம். ஆனால் நீண்ட ஏற்றத்தில் மோட்டாரும், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரும் சூடேறி, வண்டி பாதி வழியில் நின்றுவிடும்.

முழு வேக ஸ்கூட்டரின் நிலை வேறு. வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 240 கிலோ என்றால், அதே ஏற்றத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்கச் சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோவாட் தேவை. ஆகவே மலையோரப் பகுதிகளில் வசிப்பவர், துண்டுப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்த உச்சத் திறனைப் பார்த்து மயங்காமல், தொடர்ச்சியான திறன் 3 கிலோவாட் அளவில் உள்ள வண்டியைத் தேடுவது நல்லது.

ஏற்றம் பேட்டரியை ஒரேயடியாகக் காலி செய்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். 240 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இழப்பையும் சேர்த்து 80 வாட்-மணி (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்) அளவுதான் செலவாகிறது. சமதளத்தில் இரண்டரை, மூன்று கிலோமீட்டர் ஓடுவதற்கு ஆகும் செலவு அது. ஏற்றத்தில் முதலில் திணறுவது மோட்டார்தான், பேட்டரி அன்று.

கேள்வி: மின்சார சைக்கிளில் மோட்டார் சக்கரத்தில் இருப்பது நல்லதா, பெடலுக்கு நடுவில் இருப்பது நல்லதா?

செங்குத்தான ஏற்றங்களுக்கு நடுவில் இருப்பதே சிறந்தது. அந்த மோட்டாரின் விசை சங்கிலி வழியாகப் போவதால், நீங்கள் சிறிய கியருக்கு மாற்றும்போது மோட்டாருக்கும் அந்தப் பயன் கிடைக்கிறது. சக்கரத்தின் நடுவில் பொருத்திய மோட்டாருக்கு உங்கள் கியர் எதுவும் உதவாது. மெதுவாக ஏறும்போது அது திணறும், சூடேறும். இருப்பினும் நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான சைக்கிள்களில் மோட்டார் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது. விலையும் குறைவு, பழுதுபார்ப்பதும் எளிது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துச் சமதளத்துக்கு அது தாராளமாகப் போதும்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஓட்டுபவர், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 110 கிலோ என்றால், 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 320 வாட் வேண்டும். 250 வாட் மோட்டார் தரும். மீதியை உங்கள் கால் தர வேண்டும், அது உடல்நலமுள்ள எவராலும் முடியும். ஆகவே ஏற்றப் பகுதியில் பெடல் மிதிக்கத் தயாராக இருப்பவருக்கு, குறைந்த வேக ஸ்கூட்டரைவிட மின்சார சைக்கிள் நம்பகமானது. கேட்பவர்கள் வியப்படைகிறார்கள். ஆனால் 25 கிலோ சைக்கிளையும் 80 கிலோ ஸ்கூட்டரையும் ஒரே அளவு மோட்டார்தான் இழுக்கிறது.

மிதிக்கும் அழுத்தத்தை அறிந்து அதற்கேற்ப விசை தரும் சென்சார் இருந்தால், ஏற்றத்தில் நடுவழியில் நின்று மறுபடி கிளம்புவது எளிதாகிறது. பெடல் சுற்றுவதை மட்டும் அறியும் மலிவான சென்சாரில், முதல் அரைச் சுற்றை உங்கள் சொந்த பலத்தில்தான் மிதித்தாக வேண்டும். மூட்டுவலி உள்ளவருக்கு அந்த அரைச் சுற்றுதான் தொல்லை.

கேள்வி: விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டரை நம்பலாமா?

அந்த எண் சோதனைக்கூடத்து நிலையில், ஒருவர் மட்டும் அமர்ந்து, மிதமான வேகத்தில் ஓட்டிப் பெற்றது. அதில் முக்கால் பங்கு கிடைத்தாலே திருப்தி அடையலாம். நீங்களே கணக்கிட ஒரு வழி உண்டு. பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி. சைக்கிளுக்குக் கிலோமீட்டருக்கு 8 முதல் 15 வாட்-மணி, முழு வேக ஸ்கூட்டருக்கு 25 முதல் 40 வாட்-மணி என்று வகுத்துப் பாருங்கள்.

குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் வேலைக்கு வந்து போகிறவரை எடுத்துக்கொள்வோம். போய்வர 65 கிலோமீட்டர் அளவுக்கு ஓட வேண்டும். தக்கலை வரை ஏற்றமும் இறக்கமுமாக உள்ள சாலை என்பதால் கிலோமீட்டருக்கு 35 வாட்-மணி என்று கொண்டால், ஒரு நாளைக்கு 2,300 வாட்-மணி செலவாகும். பேட்டரி சில ஆண்டுகளில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்பதையும் சேர்த்தால், 3 கிலோவாட்-மணிக்குக் குறைந்த பேட்டரி இவருக்கு உதவாது. வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் போட அனுமதி இருந்தால் மட்டும் 2 கிலோவாட்-மணியில் சமாளிக்கலாம்.

கேள்வி: ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்துக் காற்று எந்த அளவுக்குப் பாதிக்கும்?

பெரும்பாலானவர்கள் எண்ணுவதைவிட அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து முப்பந்தல் நோக்கி வீசுவதால்தான் அங்கே இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து அந்தப் பக்கம் போகும்போது காற்று முதுகில் தள்ளும், பேட்டரி முள் அசையவே அசையாது. திரும்பி வரும்போதுதான் செலவு தெரியும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மேல் 25 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால், உடலில் மோதும் காற்றின் வேகம் 45 ஆகிறது. எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், காற்றில்லாத நாளைவிட ஐந்து மடங்கு காற்றுத் தடையை வண்டி சந்திக்கிறது.

எனவே தோவாளைப் பூச்சந்தைக்கு அதிகாலையில் போய் வருகிறவர், போகும்போது பாதி பேட்டரி செலவானால் திரும்பப் பாதி போதும் என்று கணக்குப் போடக் கூடாது. போகும் வழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவாகாத அளவுக்குப் பெரிய பேட்டரியை எடுங்கள். பக்கவாட்டிலிருந்து வீசும் காற்றில் எடை குறைந்த சைக்கிளும், பின்னால் உயரமான பெட்டி கட்டிய ஸ்கூட்டரும் தடுமாறும். லாரி கடந்து போன அடுத்த நொடியில் காற்று திடீரென்று மோதும்போது அது நன்றாகத் தெரியும். கனமான வண்டிக்கு ஏற்றத்தில் இருக்கும் குறை இங்கே நிறைவாகிறது.

கேள்வி: இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. மழையில் ஓட்டலாமா?

ஓட்டலாம். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் ஐ.பி. 67 தரம் உள்ளதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே நீர் புகாது என்பதே அதன் பொருள். சைக்கிள்களில் பெரும்பாலும் ஐ.பி. 54 அல்லது 65 இருக்கும். இவை மழைக்குப் போதும், வெள்ளத்தில் இறக்குவதற்கு அல்ல. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்தது போன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டால், காய்ந்துவிட்டது என்று எண்ணி சார்ஜ் போட வேண்டாம். பணிமனையில் பேட்டரியைச் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: கடற்கரை ஊரில் வசிக்கிறேன். உப்புக்காற்று வண்டியைத் தின்றுவிடாதா?

குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் மழையைவிட உப்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். சக்கரக் கம்பிகள், பிரேக் வட்டு, சங்கிலி ஆகியவை துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். மின்இணைப்புகளுக்குள் நடப்பது தெரியாது. இணைப்பைக் கழற்றிப் பார்த்தால் செம்பு முனையில் பச்சைப் பூச்சு படிந்திருக்கும். அந்த இடத்தில் மின்தடை கூடி, சூடேறி, பிளாஸ்டிக் உருகும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவித் துடைத்து (அழுத்தக் குழாயால் பீய்ச்சக் கூடாது), இணைப்பு முனைகளில் அதற்கென விற்கும் கிரீஸைத் தடவச் சொல்லுங்கள்.

மீன் விற்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பின் கேரியரில் வைத்த மீன்பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடியும் உப்பு நீர், நேராகப் பின்சக்கர மோட்டாருக்குள் ஒயர் நுழையும் துளைமேல் சொட்டுகிறது. பல சைக்கிள்களில் பேட்டரியும் கேரியருக்கு அடியில்தான் இருக்கிறது. எனவே நடுச்சட்டத்தில் பேட்டரி உள்ள மாடலைத் தேர்ந்தெடுத்து, பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, வடிகுழாயைச் சக்கரத்துக்கு வெளியே விடுங்கள். 30, 40 கிலோ மீனோடு உள்நாட்டு ஊர்களுக்கு ஏறிப் போகிறவர்களுக்குச் சைக்கிள் பற்றாது. பதிவு எண்ணுள்ள, சுமை ஏற்றுவதற்கென்றே வடிவமைத்த மின்சார மொபெட் வகைதான் தாங்கும்.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகிறேன். விடிவதற்கு முன் மண்பாதையில் போக வேண்டும். எது சரிப்படும்?

பேச்சிப்பாறை, கடையாலுமூடு, திற்பரப்பு பக்கத்துத் தோட்டப் பாதைகளில் செம்மண், உருளைக்கல், வேர் எல்லாம் இருக்கும். மழைக்குப் பின் வழுக்கும். சிறிய சக்கரமுள்ள ஸ்கூட்டர் அங்கே குழிக்குள் இறங்கி, அடிப்பகுதி கல்லில் இடிக்கும். பல மாடல்களில் பேட்டரி இருக்கும் இடமே அடிப்பகுதிதான். ஆகவே பெரிய சக்கரமும், பிடிமானப் புடைப்புகள் நிறைந்த அகலமான டயரும், முன்பக்க சஸ்பென்ஷனும், இரண்டு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கும் உள்ள மின்சார சைக்கிள் பொருத்தமானது. டயர் மிக அகலமாக, 4 அங்குலம் வரை போனால் எடையும் உருளும் தடையும் கூடிப் பயணத்தூரம் குறையும். இரண்டேகால் அங்குலம் அளவு போதும். விளக்கைக் கடையில் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டியோடு வரும் விளக்கு பெரும்பாலும் பிறர் உங்களைக் காண்பதற்கானது, நீங்கள் பாதையைக் காண்பதற்கானது அல்ல.

கேள்வி: வயதான அப்பாவுக்கு வாங்கித் தரலாமா?

கடைக்கும் கோயிலுக்கும் நண்பர் வீட்டுக்கும் போய்வர நாள்தோறும் ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, நாகர்கோவில் போன்ற சமதள நகரத்தில் குறைந்த வேக ஸ்கூட்டர் நல்ல துணை. இந்த ஒரு தேவைக்குத்தான் அதை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். இருக்கை உயரம், நிற்கும்போது இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படும்படி இருக்கிறதா என்பதே முதல் சோதனை. அடுத்தது, ஸ்டாண்டு போட எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்பது. ஆக்சிலரேட்டரைத் திருகிய உடன் குதிக்கும் வண்டியைத் தவிர்த்து, மெல்ல வேகம் எடுக்கும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். பின்னோக்கி நகரும் வசதி இருந்தால், சரிவான முற்றத்தில் திருப்புவதற்கு உதவும். மார்த்தாண்டம் மேம்பாலம் போன்ற இடங்களில் பேருந்துகளுக்கு நடுவே 25 கிலோமீட்டர் வேக வண்டி ஆபத்தானது. கீழ்ச்சாலையில் போகச் சொல்லுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: புடவை கட்டி ஓட்டுபவர், பிள்ளையைப் பள்ளியில் விடுபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

சைக்கிள் என்றால் நடுக்குழாய் தாழ்வாக இருக்கும் சட்டமும், சங்கிலிக்கும் பின்சக்கரத்துக்கும் முழு மூடியும் வேண்டும். ஸ்கூட்டர் என்றால் கால் வைக்கும் இடத்தின் அகலம், பின்னால் பிடிமானக் கம்பி, புடவைத் தடுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். பிள்ளையை ஏற்றித்தான் சோதனை ஓட்டம் ஓட்ட வேண்டும். தனியாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதில் பயனில்லை.

கேள்வி: லித்தியம், லெட் ஆசிட், எல்.எஃப்.பி. என்கிறார்கள். எந்த பேட்டரி நல்லது?

லெட் ஆசிட் விலை குறைவு, எடை அதிகம், முந்நூறு நானூறு முறை சார்ஜ் ஏறியதும் தளர்ந்துவிடும். தினமும் ஓட்டுபவர் இரண்டு ஆண்டுக்குள் மாற்ற நேரிடும் என்பதால் அந்த மலிவு கடைசியில் மலிவாக இருப்பதில்லை. லித்தியத்தில் இரண்டு வகை அதிகம் கிடைக்கிறது. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகை எடை குறைவானது, சிறிய இடத்தில் அதிக ஆற்றலைத் தேக்கும். இரும்பு பாஸ்பேட் கொண்ட எல்.எஃப்.பி. வகை சற்றுக் கனமானது, ஆனால் வெப்பத்தைத் தாங்குவதிலும் நீண்ட நாள் உழைப்பதிலும் மேலானது. இடமும் எடையும் பொருட்டல்ல என்றால் நான் எல்.எஃப்.பி.யைத்தான் எடுப்பேன்.

2022-இல் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததைத் தொடர்ந்து, பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியில் மூன்றாம் திருத்தம் கொண்டுவரப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. பழைய இருப்பைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் தயாரித்த தேதியைப் பாருங்கள். பதிவு தேவைப்படாத வண்டிகளுக்கு இந்த விதி பொருந்தாது என்பதால், அவற்றின் பேட்டரியை யார் தயாரித்தது, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை எழுத்தில் பெறுவது இன்னும் அவசியம்.

கேள்வி: எங்கள் வீடு சாலையிலிருந்து படி இறங்கிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. சார்ஜ் எப்படிப் போடுவது?

விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். வண்டி மேலே சாலையோரத்தில் நிற்கும், வீடு விளைக்குள் (தோட்டத்துக்குள்) கீழே இருக்கும். அப்படியானால் கழற்றி எடுக்கும் பேட்டரி உள்ள வண்டியைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். சைக்கிள் பேட்டரி இரண்டு மூன்று கிலோதான், பையில் போட்டு இறங்கலாம். ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். சிலவற்றில் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். கடையிலேயே கழற்றித் தூக்கிப் பாருங்கள். வீட்டில் தூக்கப்போவது யாரோ, அவரே தூக்கிப் பார்க்கட்டும். வீட்டிலிருந்து சாலை வரை நீட்டிப்பு ஒயர் இழுத்து மழையில் போடுவது உயிருக்கே ஆபத்து.

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி சைக்கிள் பேட்டரியை 2 ஆம்பியர் சார்ஜர் ஐந்தாறு மணி நேரத்தில் நிரப்பிவிடும். செலவு அரை யூனிட்டுக்கும் குறைவு. சாதாரண 5 ஆம்பியர் பிளக் போதும். முழு வேக ஸ்கூட்டருக்கு 15 ஆம்பியர் பிளக்கும், ஒழுங்கான எர்த்தும் வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் ஒயர் மட்டும் எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. ஒயர்மேனை அழைத்துச் சோதித்து, கசிவு மின்தடுப்பானும் (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) பொருத்துங்கள். கார்களுக்கான விரைவு சார்ஜ் நிலையங்களில் இந்த வண்டிகளைச் செருக முடியாது.

2017 நவம்பரில் ஒக்கி புயல் வீசியபோது மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. வீட்டுக்கு ஒரே வாகனம் என்றால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் அன்றே முழுவதும் சார்ஜ் ஏற்றி வையுங்கள்.

கேள்வி: இறக்கத்தில் பேட்டரி தானாக சார்ஜ் ஆகும் என்கிறார்களே?

முழு வேக ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஓரளவு ஆகும். ஏறும்போது செலவழித்ததில் சிறு பங்குதான் திரும்பக் கிடைக்கும். சைக்கிள்களில் பெரும்பாலும் மோட்டாருக்குள் பல்சக்கரம் இருப்பதால் இறக்கத்தில் சக்கரம் மட்டும் தனியாகச் சுழலும், எதுவும் திரும்பாது. மேட்டில் குடியிருப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரவு முழுவதும் சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு இறக்கத்தில் கிளம்பினால், நிரம்பிய பேட்டரி மேலும் மின்சாரத்தை ஏற்காது. எனவே மோட்டார் தரும் பிரேக் பிடிப்பு அந்த நேரத்தில் குறைந்திருக்கும். முந்தைய நாள் மாலையில் பழகிய பிடிப்பை எதிர்பார்த்து வளைவுக்குள் இறங்க வேண்டாம். 90 சதவீதத்தில் நிறுத்தும் வசதி வண்டியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எந்த நிறுவனத்தின் வண்டியை வாங்குவது?

ஓசூர், கிருஷ்ணகிரி, ராணிப்பேட்டை என்று தமிழ்நாட்டிலேயே பல நிறுவனங்கள் மின்சார ஸ்கூட்டர்களைத் தயாரிக்கின்றன. பெயரைவிட, உங்கள் வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டோ ஆட்டோவில் ஏற்றியோ போகும் தூரத்தில் அவர்களுக்குப் பணிமனை இருக்கிறதா, கண்ட்ரோலர் பழுதானால் எத்தனை நாளில் உதிரிபாகம் வரும் என்பதே முக்கியம். கடைக்காரரிடம் கேட்பதைவிட, பணிமனை வாசலில் காத்திருக்கும் இரண்டு வாடிக்கையாளர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: சோதனை ஓட்டத்தை எப்படி ஓட்டுவது?

கடை வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்புவதால் எதுவும் தெரியாது. வண்டியை உங்கள் வழியின் செங்குத்தான இடத்துக்கே கொண்டுபோக அனுமதி கேளுங்கள். அனுமதிக்காவிட்டால் அதே சாய்வுள்ள இடம் அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஒருவரை உட்காரவைத்து, ஏற்றத்தின் நடுவில் வண்டியை முழுமையாக நிறுத்தி, மறுபடி கிளப்புங்கள். பின்னோக்கி நழுவாமல், உதறாமல், காலால் தள்ளாமல் கிளம்பினால் வண்டி உங்களுக்கு ஆகும். பேட்டரி 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது இதைச் செய்வது இன்னும் நல்லது. பல வண்டிகள் சார்ஜ் குறையக் குறைய விசையையும் குறைத்துக்கொள்கின்றன, மாலையில் வீடு திரும்பும்போது உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த விசைதான்.

கேள்வி: பழைய மின்சார வண்டி வாங்கலாமா?

பேட்டரியின் நலம் எத்தனை சதவீதம் என்று நிறுவனப் பணிமனையில் எடுத்த அறிக்கையைக் காட்டினால் வாங்கலாம். அறிக்கை இல்லையென்றால், முழு சார்ஜ் ஏற்றி நீங்களே 20 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, எத்தனை சதவீதம் குறைந்தது என்று கணக்கிடுங்கள். உத்தரவாதம் புதிய உரிமையாளர் பெயருக்கு மாறுமா என்பதைக் கேளுங்கள். கடற்கரை ஊரில் ஓடிய வண்டி என்றால் சார்ஜ் போடும் முனையின் மூடியைத் திறந்து உலோகத்தின் நிறத்தைப் பாருங்கள். பச்சையோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதில் பொருளில்லை, அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.